கட்டடமா, வண்டியா, ஊருக்குள் ஓர் ஆளா: கிராமப்புறச் சேவைகளை இணைக்க எந்த வழி?

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு மூதாட்டி. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட மகள். பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்ட பேரன். இந்த ஒரு வீட்டுக்கு மருத்துவம் வேண்டும், பிசியோதெரபி வேண்டும், உதவித்தொகை வேண்டும், மகளுக்கு மனநல ஆலோசனை வேண்டும், பேரனைத் திரும்பப் பள்ளியில் சேர்க்க ஒருவர் வேண்டும். ஐந்தும் ஐந்து இடங்களில் இருக்கின்றன. நகரத்தில் இது ஐந்து அலைச்சல். ஊர்கள் சிதறிக் கிடக்கும் வட்டாரத்தில் இது ஐந்து முழு நாள், ஐந்து நாள் கூலி. அந்த ஐந்து நாளும் மூதாட்டியைப் பார்த்துக்கொள்ள வேறொருவரைத் தேட வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் கதையை முதலிலிருந்து சொல்லவும் வேண்டும். இரண்டாவது அலுவலகத்தோடு ஒரு குடும்பம் ஓய்ந்துபோனால் அதில் வியப்பில்லை.

சேவைகளை இணைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எப்படி இணைப்பது என்பதில்தான் பணமும் ஆண்டுகளும் வீணாகின்றன. நடைமுறையில் ஐந்து வழிகள் உண்டு: அலுவலகங்களுக்கு இடையே ஒழுங்கான பரிந்துரை முறை, எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்காரும் மையம், ஊர் ஊராகப் போகும் நடமாடும் குழு, குடும்பத்தோடு கூடவே நிற்கும் ஊர்ப் பணியாளர், நிதியையே ஒன்றாக்கும் பொது அமைப்பு. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான வட்டாரங்கள் பரிந்துரை முறையையும் ஊர்ப் பணியாளரையும் சேர்த்துத் தொடங்குவதே சரி. கட்டடம் கடைசி. அதற்கான காரணங்களும் விதிவிலக்குகளும் கீழே.

முதலில், நூல் எங்கே அறுகிறது?

எந்த வழியையும் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு மாதம் செலவழித்துச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடந்த ஆண்டு ஏதாவது ஓர் அலுவலகத்தில் உதவி கேட்டு வந்த 30 குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் குடும்பங்கள் அலுவலகங்களுக்கு அருகில் இருப்பவை, பத்து நடுத்தூரம், பத்து கடைக்கோடி. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், முதலில் எங்கே போனீர்கள், அடுத்து எங்கே அனுப்பினார்கள், போனீர்களா, போய் என்ன ஆனது என்று கடைசிவரை கேட்டு ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். அலுவலகப் பதிவேட்டை வைத்து இதைச் செய்ய முடியாது. ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்ற சொல்லோடு பதிவேடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்தது குடும்பத்துக்குத்தான் தெரியும்.

30 தாள்களையும் சுவரில் ஒட்டிப் பார்த்தால் நூல் அறுகிற இடங்கள் நான்கு வகையாகப் பிரியும். அப்படி ஒரு சேவை இருப்பதே தெரியாமல் போனவர்கள். தெரிந்தும் போய்ச்சேர முடியாதவர்கள். போய்ச்சேர்ந்தும், சான்று இல்லை, தகுதி இல்லை, இன்று அதிகாரி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள். உள்ளே போய்ச் சேவையும் பெற்று, மூன்றாவது மாதம் யாரும் தொடராததால் பழைய நிலைக்கே திரும்பியவர்கள். இவற்றோடு ஐந்தாவது ஒன்றும் உண்டு. அதை யாரும் முதல் சந்திப்பில் சொல்ல மாட்டார்கள்: ‘அந்த வாசலில் என்னை யாராவது பார்த்துவிட்டால்?’

இரண்டாவது வகை அதிகமென்றால் வண்டி உதவும். மூன்றாவது அதிகமென்றால் வண்டியால் பயனில்லை, பரிந்துரை முறைதான் மருந்து. முதலாவதும் நான்காவதும் அதிகமென்றால் ஊருக்குள் ஆள் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் ‘பக்கத்து வட்டாரத்தில் மையம் கட்டியிருக்கிறார்கள், நாமும் கட்டுவோம்’ என்று தொடங்குவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

இன்னொரு தெளிவும் தேவை. நலச் சேவைகளை ஒருங்கிணைப்பது பற்றி 1999-இல் எழுதிய வால்ட்டர் லியூட்ஸ், இணைப்பை மூன்று படிகளாகப் பிரித்தார்: தொடர்பு, ஒத்திசைவு, முழு ஒருங்கிணைப்பு. சில சேவைகளை எல்லோருக்கும் இணைக்கலாம், எல்லாச் சேவைகளையும் சிலருக்கு இணைக்கலாம், எல்லாச் சேவைகளையும் எல்லோருக்கும் இணைக்க முடியாது என்பது அவர் வைத்த விதி. இணைப்பு பலன் தருவதற்கு முன் செலவு வைக்கும் என்பது இன்னொன்று. திட்டம் போடும் அறையில் இந்த இரண்டையும் எழுதி மாட்டலாம். ஒரே ஒரு தடுப்பூசிக்கோ கண் கண்ணாடிக்கோ வருபவருக்கு ஒருங்கிணைப்புக் குழு தேவையில்லை, சரியான முகவரியும் நேரமும் போதும். முழு இணைப்பு என்பது மூன்று நான்கு சிக்கல்கள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் குடும்பங்களுக்கு.

பரிந்துரை முறை

ஐந்தில் செலவு குறைந்தது இதுதான். எந்த அலுவலகமும் இடம் மாற வேண்டாம், யாரும் வேலை மாற வேண்டாம். ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பும்போது வட்டம் மூடுகிறதா, அதாவது அனுப்பப்பட்டவருக்கு என்ன ஆனது என்ற பதில் அனுப்பியவருக்குத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதே வேலை. இதற்கு ஒரு பக்கப் பரிந்துரைச் சீட்டு, ஒவ்வொரு அலுவலகத்திலும் பெயர் குறிப்பிட்ட ஒரு பெறுநர், அவர் விடுப்பில் போனால் மாற்று ஆள், காலக்கெடு ஆகியவை வேண்டும். சீட்டு வந்தது என்று 2 வேலை நாட்களுக்குள் பதில். 7 நாட்களுக்குள் குடும்பத்தோடு முதல் தொடர்பு. 21 நாட்களுக்குள் அனுப்பியவருக்கு முடிவு. முடிவு ஆறில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்: சேவை கிடைத்தது, காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார், தகுதி இல்லை, அவரே வேண்டாம் என்றார், தொடர்பு கிடைக்கவில்லை, வேறு இடத்துக்கு அனுப்பினோம். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்ற ஏழாவது முடிவை அனுமதிக்காதீர்கள். அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம்.

மாதம் ஒருமுறை, முடிந்தால் இரு வாரத்துக்கு ஒருமுறை, சிக்கலான குடும்பங்களுக்காக எல்லா அலுவலகங்களும் கூடும் கூட்டம் வேண்டும். 90 நிமிடம், ஆறு குடும்பங்கள், ஒன்றுக்கு 12 நிமிடம். மீதி 18 நிமிடம் போன கூட்டத்தில் எடுத்த முடிவுகள் நடந்தனவா என்று பார்க்க. இந்த 18 நிமிடத்தைக் கூட்டத்தின் தொடக்கத்தில் வையுங்கள். கடைசியில் வைத்தால் அதற்கு நேரமே வராது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்தான் வர வேண்டும். ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்பவரை அனுப்பும் அலுவலகம் கூட்டத்தில் இல்லாததற்குச் சமம்.

இது எங்கே பழுதாகும்? மூன்று இடங்களில். முதலாவது, சேரும் இடத்தில் இடமே இல்லாதபோது. மனநல ஆலோசகர் வாரத்தில் ஒரே நாள் வருகிறார், ஏற்கெனவே 40 பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்றால், எத்தனை ஒழுங்காகச் சீட்டு அனுப்பினாலும் அது வரிசையை நீட்டும், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு அலுவலகமும் திங்கட்கிழமை தோறும் ‘இந்த வாரம் எத்தனை புதியவர்களை ஏற்க முடியும்’ என்ற ஒரே எண்ணை அனுப்ப வேண்டும். இரண்டாவது, அனுப்பிய எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டும் பழக்கம். 300 சீட்டு அனுப்பினோம் என்பது ஒரு செய்தியே அல்ல. எத்தனை வட்டம் மூடியது என்பதே செய்தி. மூன்றாவது, நல்லெண்ணம் கொண்ட ஓர் அதிகாரியின் தனிப்பட்ட நட்பில் ஓடும் முறை. அவர் மாற்றலாகிப் போன அன்றே அது நின்றுவிடும். எழுத்தில் ஒப்பந்தம் தேவைப்படுவது இதனால்தான்.

நிபுணர்களே இல்லாத வட்டாரத்துக்குப் பரிந்துரை முறையில் ஒரு கிளை உண்டு. நோயாளியை நிபுணரிடம் அனுப்புவதற்குப் பதிலாக நிபுணரின் அறிவைக் கிராமத்துப் பணியாளரிடம் கொண்டுவருவது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் எக்கோ’ இதைச் செய்தது. பல்கலைக்கழக நிபுணர்களும் கிராமப்புற மருத்துவர்களும் வாரந்தோறும் வீடியோவில் கூடி, நோயாளிகளை ஒவ்வொருவராக எடுத்து விவாதித்தார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி நோயின் சிகிச்சையில் இது எப்படி இருந்தது என்பதை 2011-இல் வெளியிட்டார்கள்: பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம், கிராமங்களும் சிறைகளும் அடங்கிய மையங்களில் 58.2 சதவீதம் நோயாளிகள் குணமடைந்தார்கள். தூரம் தடையாக இருக்கவில்லை. இதே முறையை மனநலம், போதை மீட்பு, குழந்தை வளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றுக்கும் பயன்படுத்தலாம். தேவை நிலையான இணைய இணைப்பும், வாரத்தில் மாறாத ஒரு மணி நேரமும், பணியாளரின் அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடும் மேலாளரும்.

ஒரே கூரை

மையம் கட்டுவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. திறப்பு விழா நடத்தலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். ஊர்கள் நெருக்கமாக இருந்து, எல்லாப் பாதைகளும் ஒரு சந்தை ஊரில் வந்து சேர்கிற வட்டாரத்தில் இது உண்மையாகவே நல்ல வழி. ஆனால் ஒரே கூரை என்பது ஒரே சேவை ஆகிவிடாது. ஆறு மேசைகளில் ஆறு பதிவேடுகள் இருந்து, குடும்பம் ஆறு முறை பெயர் எழுத வேண்டியிருந்தால், அலைச்சல் கட்டடத்துக்குள் நடக்கிறது, அவ்வளவே.

மையத்தை முடிவுசெய்யும் முன் பேருந்து அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தொலைவான ஊரிலிருந்து காலைப் பேருந்து 9.30-க்கு வந்து, திரும்பும் பேருந்து 2 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மையம் 10 மணிக்குத் திறந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம். அதற்குள் மூன்று சேவைகள் முடிய வேண்டுமென்றால் முன்பதிவு வேண்டும், மதிய இடைவேளையை எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது, தொலைவிலிருந்து வருபவருக்கு முதல் டோக்கன் தர வேண்டும். இவற்றைத் திட்டமிடாத மையம் அக்கம்பக்கத்து மக்களின் மையமாகவே நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து, வந்தவர்களில் எத்தனை பேர் 10 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தார்கள் என்று எண்ணுங்கள். வந்தவர்களில் அவர்களுடைய பங்கு, வட்டார மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கில் பாதிகூட இல்லையென்றால் மையம் தவறான கேள்விக்கு விடையாக இருக்கிறது.

ஆறு சேவைகளுக்கு ஆறு அறை கட்டத் தேவையில்லை. ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு நாள் வருமென்றால், கதவு மூடிப் பேசும் இரண்டு அறைகள் வாரத்துக்கு 10 அறை-நாட்கள் தரும். ஆறு போக நான்கு மிச்சம். ஏற்கெனவே இருக்கும் பள்ளி, நூலகம், சுகாதார நிலையம் ஆகியவற்றில் இரண்டு அறை கிடைத்தால் அங்கே ஓராண்டு நடத்திப் பார்த்துவிட்டுக் கட்டடத்தைப் பற்றி யோசிக்கலாம். சாவி யாரிடம், மின்கட்டணம் யார் கட்டுவது, துப்புரவுக்கு யார் பொறுப்பு என்பதை முதல் வாரமே எழுதிவிடுங்கள். கூட்டுறவை முறிக்கிற சண்டைகள் பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் தொடங்கும்.

நடமாடும் குழு

தொலைவுதான் சிக்கல் என்று 30 தாள்களும் சொன்னால் வண்டி. ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர், மனு எழுதவும் பதிவு செய்யவும் பயிற்சி பெற்ற ஓர் ஓட்டுநர். இந்த மூவர் குழுவால் என்ன முடியும் என்று கணக்குப் போடுவோம். நாளுக்கு 8 மணி நேரத்தில் போகவர 3 மணி, மேசை போடவும் எடுக்கவும் அரை மணி. மீதி நாலரை மணி. ஒருவருக்கு அரை மணி என்றால் ஒரு பணியாளர் 9 பேரைப் பார்க்கலாம், மூவரும் சேர்ந்து 27. புதிதாக வருபவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் என்பதால் 20 பேருக்கு மேல் எழுதிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. வாரத்தில் நான்கு நாள் பயணம், ஐந்தாவது நாள் வண்டிப் பராமரிப்புக்கும், பதிவுக்கும், அலுவலகங்களிடம் பதில் வாங்குவதற்கும். ஆக இரு வாரச் சுற்றில் எட்டு இடங்கள். ஐந்தாவது நாளையும் பயணமாக்கிப் பத்து இடங்கள் என்று திட்ட அறிக்கையில் எழுதினால், மூன்றாவது மாதத்தில் வண்டி நிற்கும், பதிவுகள் குவியும்.

வண்டியின் உயிர் நாள் தவறாமையில் இருக்கிறது. சுற்றின் இரண்டாவது செவ்வாய் என்றால் அந்தச் செவ்வாய்தான். அடுத்தடுத்து இரண்டு முறை வராமல் போனால் மூன்றாவது முறை யாரும் காத்திருக்க மாட்டார்கள். மாற்று ஓட்டுநர் ஒருவர், மழைக்காலத்தில் பாதை மூடினால் கூடும் மாற்று இடம், வர முடியாத நாளில் காலை 8 மணிக்குள் எல்லோருக்கும் போகும் தொலைபேசிச் செய்தி, இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அதன் பெரிய ஓட்டை இன்னொன்று. வண்டி வரும் நாளுக்கும் அடுத்து வரும் நாளுக்கும் இடையில் 13 நாட்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போவதும், கணவன் அடித்து மனைவி வீட்டைவிட்டு வெளியேறுவதும், மனுவைத் திருப்பி அனுப்பும் கடிதம் வருவதும் அந்த 13 நாட்களில்தான். யாரைக் கூப்பிடுவது என்பதற்கு விடை இல்லாத நடமாடும் குழு, முகாம் நடத்துகிறது என்று சொல்லலாம். சேவை தருகிறது என்று சொல்ல முடியாது.

ஊர்ப் பணியாளர்

அந்த 13 நாட்களுக்கு விடை இவர்தான். ஊரிலேயே வாழ்கிறவர், முழுநேரச் சம்பளம் பெறுகிறவர், எந்த ஒரு துறைக்கும் முகவராக இல்லாமல் குடும்பத்தின் பக்கம் நிற்கிறவர். அவர் சேவையைத் தருவதில்லை. சேவை வந்து சேரும்வரை கையை விடாமல் இருப்பதே அவர் வேலை. பிரேசில் 1991-லிருந்து சமூக நலப் பணியாளர்களையும் 1994-லிருந்து குடும்ப நலக் குழுக்களையும் கட்டியெழுப்பியது. ஒரு பணியாளர் பொறுப்பில் 750 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று அங்கே வரம்பு வைத்தார்கள். நியூசிலாந்தில் 2010-இல் தொடங்கிய ‘ஃபானாவ் ஓரா’ திட்டம், தனிநபருக்குப் பதிலாகக் குடும்பத்தையே அலகாக எடுத்துக்கொண்டு, வழித்துணையாக நிற்கும் பணியாளர்களை நியமித்தது.

சிக்கலான குடும்பங்களை மட்டும் ஒரு பணியாளரிடம் கொடுத்தால் எத்தனை கொடுக்கலாம்? எட்டு மணி நேரத்தில் பயணம் இரண்டரை, பதிவு ஒன்று போக நாலரை மணி. ஒரு வீட்டுக்கு 50 நிமிடம் என்றால் நாளுக்கு ஐந்து வீடு. நான்கு நாள் வீட்டுப் பார்வை, ஒரு நாள் கூட்டமும் தொலைபேசியும். நான்கு வாரத்தில் 80 பார்வைகள். வாரந்தோறும் பார்க்க வேண்டிய 10 குடும்பங்களுக்கு 40, இரு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய 15 குடும்பங்களுக்கு 30, மாதம் ஒருமுறை போதும் என்ற 10 குடும்பங்களுக்கு 10. ஆக 35 குடும்பங்கள். 60 கொடுத்தால் அவர் பொய் எழுதத் தொடங்குவார். அந்தப் பொய்க்குப் பொறுப்பு 60 கொடுத்தவர்களுடையது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர்ப் பெரியவரின் சிபாரிசை மட்டும் நம்பாதீர்கள். ஊரில் எந்தத் தெருவுக்குள் அவரால் போக முடியாது என்று கேளுங்கள். ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவுக்குள் நுழைய மாட்டார் என்றால், மிகவும் தேவைப்படும் வீடுகள்தான் விடுபடும். உலக சுகாதார அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சமூக நலப் பணியாளரின் உழைப்புக்கு ஏற்ற ஊதியம் தரச் சொல்கிறது. முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ ஊக்கத்தொகையை நம்பிச் சம்பளம் தருவது கூடாது என்றும், திருமண நிலையைத் தேர்வுக்கு அளவுகோலாக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். ஒரு பரிந்துரைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் பரிந்துரைகள் பெருகும். மூதாட்டியின் கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்து மகளை அழவிடுவதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இருக்காது.

இந்த வழி பழுதாவது இப்படி: ஒவ்வொரு துறையும் தன் கணக்கெடுப்பை, தன் படிவத்தை, தன் விழிப்புணர்வு முகாமை அவர் தலையில் ஏற்றும். ஓராண்டில் அவர் எல்லோருக்கும் எடுபிடி ஆகிவிடுவார். ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: புதிய வேலை எதையும், எல்லா அலுவலகங்களும் சேர்ந்த கூட்டுக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஊர்ப் பணியாளரிடம் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. ஆறு முதல் எட்டுப் பணியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொருவரோடும் தனியாக ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் எண்ணிக்கை கேட்கக் கூடாது. எந்த வீட்டுக்குப் போகத் தயக்கமாக இருக்கிறது, எது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கேட்க வேண்டும். தனியாகப் போகும் பணியாளரின் பாதுகாப்புக்கு அன்றைய வீடுகளின் பட்டியலைக் காலையில் கொடுத்துவிட்டுப் போவது, கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்ததும் கூப்பிடுவது, கூப்பிடாவிட்டால் 30 நிமிடத்தில் தேடத் தொடங்குவது, ஆபத்தில் இருப்பதைப் பிறர் அறியாமல் உணர்த்த முன்பே பேசிவைத்த ஒரு சாதாரண வாக்கியம் என்று நான்கு ஏற்பாடுகள் போதும்.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில்

நகரத்து மாதிரிகளைக் கிராமத்துக்கு அப்படியே கொண்டுவருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஊர்ப் பணியாளர் ஒருவேளை அந்த வீட்டுக்குச் சம்பந்தியாக இருப்பார். மையத்தின் காத்திருப்புக் கூடத்தில் எதிர்வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். ‘மனநலப் பிரிவு’ என்று எழுதிய கதவுக்குள் நுழைந்தால் அன்று மாலைக்குள் ஊருக்கே தெரியும்.

எனவே கதவுகளுக்குப் பிரிவின் பெயர் வைக்காமல் எண் வையுங்கள். ஒரே வரவேற்பு, ஒரே காத்திருப்பு. தடுப்பூசி போட்டுக்கொள்ள வந்த குழந்தையும் போதையிலிருந்து மீள வந்தவரும் ஒரே வரிசையில் இருக்கட்டும். ஓர் அறைக்காவது பின்வழி இருக்கட்டும். வேறு ஊர்ப் பணியாளரைக் கேட்கும் உரிமையை, காரணம் கேட்காமல், ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுங்கள். உறவினர் வீட்டுக்கு எந்தப் பணியாளரும் பொறுப்பாக இருக்கக் கூடாது.

தகவல் பகிர்வுக்கு ஒப்புதல் படிவம் வேண்டும். ‘அனைத்துத் துறைகளுடனும் பகிரச் சம்மதிக்கிறேன்’ என்ற ஒற்றை வரி ஒப்புதல் ஆகாது. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனிக் கட்டம், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எழுத இடம், 12 மாதத்தில் காலாவதி, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வாசகம். எழுத்தறியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் தன் சொற்களில் திருப்பிச் சொன்ன பிறகே கைநாட்டு. குழந்தைக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே, ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும். கூட்டுக் கூட்டத்தில் ஒப்புதல் தராத குடும்பத்தைப் பெயரால் பேசாதீர்கள். வாட்ஸ்அப் குழுக்களில் பெயர், புகைப்படம், நோய் விவரம் எதுவும் போகக் கூடாது. இந்த விதி மீறப்படுவது கெட்ட எண்ணத்தால் அல்ல, அவசரத்தால். ஆகவே அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண்ணைத் தனியாகக் கொடுத்துவிடுவதே நடைமுறைத் தீர்வு.

நிதியை ஒன்றாக்குதல்

சேவைகள் ஒன்றாகாமல் போவதற்கு ஆழமான காரணம் பணம் தனித்தனிக் குழாய்களில் வருவதுதான். முதியோர் பராமரிப்புக்கு வந்த பணத்தில் படுக்கை காலியாகக் கிடக்கும், மருத்துவப் படுக்கைக்கு இடமிருக்காது. ஆஸ்திரேலியாவில் சிறு கிராமப்புற ஊர்களுக்காக 1990-களில் உருவான பல்நோக்குச் சேவைத் திட்டம், மத்திய அரசின் முதியோர் பராமரிப்பு நிதியையும் மாநிலத்தின் சுகாதார நிதியையும் ஒன்றாக்கி, ஊரின் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள விட்டது. தனித்தனியாக நடத்தினால் மூடியிருக்க வேண்டிய சேவைகளைத் தாங்க இது ஒரு வழி. வட அயர்லாந்தில் மருத்துவமும் சமூகப் பராமரிப்பும் 1973 முதலே ஒரே அமைப்பில் இருக்கின்றன. பின்லாந்து 2023 ஜனவரி 1 முதல் மருத்துவம், சமூக நலம், மீட்புப் பணி மூன்றையும் உள்ளாட்சிகளிடமிருந்து 21 நல்வாழ்வு வட்டாரங்களுக்கு மாற்றியது. ஹெல்சின்கி மட்டும் தன் பொறுப்பைத் தானே வைத்துக்கொண்டது.

இது அரசு அளவிலான முடிவு. சட்டம் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். ஒரு வட்டாரக் கூட்டமைப்பு இதில் தொடங்கக் கூடாது. இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரே பணப்பெட்டி ஆனதும் அவசரம் முக்கியத்தை விழுங்கும். மருத்துவமனைக்கு இன்று பணம் வேண்டும், மகளின் மனநல ஆலோசனை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகும். குறைந்தபட்ச ஒதுக்கீட்டைத் துறைவாரியாகப் பூட்டிவைக்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

இதன் சிறிய வடிவம் ஒன்றை எந்த வட்டாரமும் முதல் ஆண்டே செய்யலாம். பங்கேற்கும் ஒவ்வோர் அலுவலகமும் தன் நெகிழ்வான செலவில், அதாவது எதற்கென்று முன்கூட்டியே ஒதுக்கப்படாத பணத்தில், 5 சதவீதத்தைப் பொது நிதிக்குத் தரட்டும். பேருந்துக் கட்டணம், சான்றிதழ் நகல், சக்கர நாற்காலிக்கு வாசலில் ஒரு சாய்வுப் பாதை என்று எந்தத் துறையின் பட்டியலிலும் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும் தடுத்து நிறுத்தும் செலவுகளுக்கு. ஊர்ப் பணியாளர் கேட்டால் இரண்டு கையெழுத்தில் 48 மணி நேரத்தில் கிடைக்க வேண்டும். இந்தச் சிறு பணம் செய்கிற வேலையைப் பார்த்தவர்கள் அதை மறுபடி நிறுத்த மாட்டார்கள்.

எந்த வட்டாரத்துக்கு எது

ஊர்கள் நெருக்கமாகவும் பேருந்து அடிக்கடியும் இருந்தால் இரண்டு அறை கொண்ட மையமும் பரிந்துரை முறையும். ஊர்கள் சிதறி, அலுவலகங்கள் மெத்தனமாக இல்லாமல் தூரம் மட்டுமே தடையென்றால் வண்டியும், வண்டி நிற்கும் எட்டு இடங்களில் பாதியிலாவது ஊர்ப் பணியாளரும். அலுவலகங்கள் பக்கத்திலேயே இருந்தும் மக்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்றால் வேறெதையும் வாங்காமல் பரிந்துரை முறையை மட்டும் ஆறு மாதம் கறாராக நடத்துங்கள். மக்கள்தொகை மிகக் குறைந்து, மருத்துவமும் முதியோர் இல்லமும் தனித்தனியாக மூடும் நிலையில் இருந்தால் நிதி இணைப்பைத் தவிர வேறு வழி இல்லை, அதற்கான பேச்சை இன்றே தொடங்க வேண்டும். மற்ற எல்லா இடங்களுக்கும், அதாவது பெரும்பாலான இடங்களுக்கும், ஊர்ப் பணியாளர் நால்வர், பரிந்துரை முறை, சிறு பொது நிதி.

எந்த வழியானாலும் இதற்கென்றே ஒருவர் முழுநேரமாக வேண்டும். கூட்டு முயற்சிகள் பற்றி ஜான் கானியாவும் மார்க் கிராமரும் 2011-இல் எழுதியபோது ஐந்து நிபந்தனைகளைச் சொன்னார்கள்: பொது இலக்கு, பொது அளவீடு, ஒன்றையொன்று வலுப்படுத்தும் பணிகள், இடையறாத தொடர்பு, முதுகெலும்பாக நிற்கும் ஓர் அமைப்பு. கடைசியானதைத்தான் எல்லோரும் செலவு என்று வெட்டுவார்கள். கூட்டத்துக்கு அழைப்பவர், வட்டம் மூடாத சீட்டுகளைத் துரத்துபவர், ஒப்புதல் படிவம் காலாவதியாவதைப் பார்ப்பவர் இல்லையென்றால் நான்காவது மாதத்தில் கூட்டத்துக்கு மூவர் வருவார்கள்.

முதல் இரண்டு மாதம் 30 குடும்ப ஆய்வும் ஒப்பந்தமும். யார் பணியமர்த்துவது, பணம் யார் கையில், யாராவது விலகினால் 90 நாள் முன்னறிவிப்பு, விலகுபவரிடம் உள்ள குடும்பத் தகவல் என்னாகும் என்பவை அதில் இருக்க வேண்டும். மூன்றாவது மாதம் பரிந்துரைச் சீட்டு, இரண்டே அலுவலகங்களுக்கு இடையில். ஐந்தாவது மாதம் மற்றவர்கள். ஆறாவது மாதம் முதல் இரு ஊர்ப் பணியாளர்கள், முதல் எட்டு வாரம் ஆளுக்குப் பத்துக் குடும்பங்களோடு மட்டும். வண்டியோ மையமோ தேவையா என்று பன்னிரண்டாவது மாதத்தில் பேசுங்கள். அப்போது பேச்சுக்கு ஆதாரம் இருக்கும்.

அளக்க வேண்டியவை நான்கே: உதவி கேட்ட நாளிலிருந்து கிடைத்த நாள்வரை எத்தனை நாள், மூடிய வட்டங்கள் எத்தனை சதவீதம், ஒரு குடும்பம் எத்தனை முறை தன் கதையைத் திரும்பச் சொன்னது, அதே சிக்கலோடு மூன்று மாதத்தில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர். நான்கையும் அருகில், நடுவில், கடைக்கோடியில் என்று தூரம்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மொத்தச் சராசரி அழகாக இருந்து கடைக்கோடியின் எண் அசையாமல் இருந்தால், இன்னும் அருகிலிருப்பவர்களுக்குத்தான் வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள். அந்த நிலையில் அடுத்த ஊர்ப் பணியாளரைக் கடைக்கோடியில் நியமியுங்கள், முதலில் எடுத்த 30 தாள்களில் அந்தப் பத்து வீடுகளுக்கு அவரோடு மறுபடி நடந்து போங்கள்.